மீன் இருக்கிறதாம்

மீன் பிடிக்கப் போகிறவனுக்குத் தூண்டிலைவிட, இரையைவிட, ஏன், மீனையும்விட அவசியமான சாமான் ஒன்று உண்டு. மீன் கிடைக்காததற்கு ஒரு காரணம். அது மட்டும் கைவசம் இருந்தால் எந்த வெறும் வாளியோடும் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரலாம். என்னிடம் காரணங்கள் ஏராளம் இருந்தன. கிழக்குக் காற்று என்பேன். நேற்றைய மழையில் தண்ணீர் கலங்கிவிட்டது என்பேன். பௌர்ணமி என்பேன். பட்டப்பகலில் போய்விட்டு வந்தவருக்குப் பௌர்ணமி என்ன செய்யும் என்று மனிசி கேட்டதுண்டு. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இவை எல்லாவற்றுக்கும் மேலே பிரம்மாஸ்திரம் ஒன்று: "ஏரியிலை மீனே இல்லையப்பா." நான் தூண்டில் போடுகிற சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. ஆழமான இடத்தில் 41 மீற்றர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து நான் சொன்னது பொய் என்று யார் நிரூபிப்பது?

அந்த நிம்மதியை என் சொந்தக் காசைக் கொடுத்து நானே கெடுத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு படகு இருக்கிறது. படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். பதினாலு அடி அலுமினியம், எனக்கு முன் எத்தனை பேரைச் சுமந்ததோ தெரியாது, பின்னால் 9.9 குதிரைவலு மோட்டார். அது ஏன் பத்து இல்லாமல் 9.9 என்று கேட்பீர்கள். கனடாவில் மோட்டார் பத்துக் குதிரைவலுவைத் தொட்டால் படகுக்கு லைசென்ஸ் இலக்கம் எடுத்துப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். அந்தப் புள்ளி ஒன்பதில் நிற்பது என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காகச் செய்த கருணை என்றே நம்புகிறேன். ஓட்டுகிறவருக்கான அட்டை மட்டும் கட்டாயம். பரீட்சை எழுதி எடுத்துவிட்டேன். அதில் ட்ரில் பிடிப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

மனிசியின் தம்பிதான் வினையைக் கொண்டுவந்தவன். "அத்தான், மீன் எங்கை நிக்குதெண்டு தெரியாமல் தூண்டில் போடுறது அந்தக் காலம். ஃபிஷ் ஃபைண்டர் ஒண்டு வாங்குங்கோ" என்றான். கடையில் மலிவு விற்பனை. மலிவு விற்பனையில் வாங்கிய எந்தச் சாமானும் எங்கள் வீட்டுக்குள் சமாதானமாக வந்ததில்லை என்பது தெரிந்தும் வாங்கினேன்.

பெட்டியைத் திறந்தால் கையடக்கமான திரை ஒன்று, டிரான்ஸ்டியூசர் என்ற கறுப்புக் கட்டை ஒன்று, அதன் வாலாக இருபதடி கேபிள், பதினாறு மொழிகளில் எச்சரிக்கை. தமிழ் இல்லை. மச்சான் பொறுமை இல்லாதவன். வரவேற்பறையிலேயே ஒரு பற்றரியைக் கொண்டுவந்து கொளுவிவிட்டான். திரை ஒளிர்ந்தது. நீலத் தண்ணீர். கீழே மஞ்சள் தரை. நடுவில் வளைவு வளைவாக மீன்கள்! இருபதடி ஆழத்தில் ஒரு பெரியது மெதுவாகப் போனது. மாமனார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவர். மீனோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் கோப்பைக்குள்தான், ஆனால் அந்த உறவு ஆழமானது.

"உதென்ன தம்பி, விளைமீனோ?"

எங்கள் வரவேற்பறைக்குக் கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இரண்டு பெடியன்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் வாடகை பிந்தும். தங்கள் காலடியில் இவ்வளவு மீன் ஓடுவது தெரிந்திருந்தால் அவர்கள் ஏன் கடன்படப் போகிறார்கள்? அது சிமுலேட்டர் என்ற பாவனை நிலையாம். தண்ணீரும் வேண்டாம், டிரான்ஸ்டியூசரும் வேண்டாம், மெஷின் தன் கற்பனையில் மீன் காட்டும். மகன் வந்து ஒரு பொத்தானை அமத்தினான். ஏரி வற்றியது. மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இரவு முழுக்க இந்த மெஷினைப் பற்றிப் படித்தேன். வேலை செய்யத் தெரியாதவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். டிரான்ஸ்டியூசருக்குள் இருப்பது ஒருவகைப் பீங்கான் வில்லை. அதற்கு மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும். அழுத்தினால் மின்சாரம் தருகிற இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880இல் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் போல் லாஞ்சவன் அதைத் தண்ணீருக்குள் இறக்கினார். 1948இல் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் மீன்பிடிப் படகுகளுக்கென்று முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கவனித்தீர்களா? 1880இல் இரண்டு சகோதரர்கள். 1948இல் இரண்டு சகோதரர்கள். எங்கள் வீட்டில் நானும் மச்சானும். விஞ்ஞானத்தின் வளர்ச்சி இந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறியதை வரலாறு மன்னிக்கட்டும்.

மெஷினின் தொழில் ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. கட்டை கீழே ஒரு சத்தம் போடும், விநாடிக்கு 2,00,000 அதிர்வு, எங்கள் காதுக்கு எட்டாது. சத்தம் தண்ணீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1,480 மீற்றர் ஓடி, எதிலாவது பட்டுத் திரும்பி வரும். வந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை இருப்பதால் அதில் பட்டு நன்றாக எதிரொலிக்குமாம். நான் மாடியில் இருந்து "தேத்தண்ணி" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் இதே முறைதான். பத்து மீற்றர் ஆழத்துக்குப் போன சத்தம் விநாடியில் நூறில் ஒரு பங்கு சொச்சத்தில் திரும்பிவிடுகிறது. வீட்டில் அவ்வளவு விரைவு இல்லை. சிலநாள் எதிரொலியே வருவதில்லை. தரை மிக ஆழத்தில் என்று எடுத்துக்கொள்வேன்.

இனிப் பூட்டுகிற வேலை. கட்டையைப் படகின் பின்பலகையில், வெளிப்பக்கம், வலப்புறமாகப் பூட்ட வேண்டும். காரணம், இந்த மோட்டார்களின் சுழலி வழக்கமாக வலஞ்சுழியாகச் சுற்றும். வலப்புறத்தில் அதன் இதழ்கள் கீழ்நோக்கி இறங்குவதால் அந்தப் பக்கம் குமிழி குறைவு. சுழலியில் இருந்து 15 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். அடிப்பாகத்தின் ஆணித்தலைக்கும் மேடுபள்ளத்துக்கும் நேர் பின்னால் வரக்கூடாது, அவையும் குமிழி கிளப்பும். குமிழி வந்தால் சத்தம் காற்றில் மோதித் திரும்பிவிடும், மெஷின் குருடாகிவிடும். எங்கள் படகோ அடி முழுக்க ஆணி. அந்த அலுமினியத்தில் ஆணி இல்லாத இடம் தேடுவது கல்யாண வீட்டில் என் சித்தப்பா இல்லாத புகைப்படம் தேடுகிற வேலை.

ஒருவழியாக இடம் பிடிபட்டது. நான் படகுக்குள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, என் வலக்கைப் பக்கம் பென்சிலால் வடிவாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். மச்சான் வெளியே படகைப் பார்த்து நின்றுகொண்டு, தன் வலக்கைப் பக்கம் ஒன்று போட்டான். அதற்குப் பிறகு நடந்த விவாதத்தை விவரிக்க விரும்பவில்லை. வழியால் நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று கேட்டுவிட்டு, படகின் வலப்புறம் என்பது முன்னோக்கிப் பார்க்கிறவனின் வலப்புறம் என்று சொல்லிப்போனார். நாய்கூட மச்சான் பக்கம்தான் பார்த்தது.

அடுத்தது ஓட்டை. மனித குலம் படகு கட்டத் தொடங்கிய நாளில் இருந்து அதில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் பாடுபட்டிருக்கிறது. நாங்கள் ட்ரில்லோடு நின்றோம். மாமனார் கராஜ் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "தோணியிலை தானே ஓட்டை போடுறவனை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று பொதுவாக, ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. இரண்டே இரண்டு ஓட்டைதான். ஆனாலும் பயம்.

இந்தப் பயத்துக்குப் படகுக்காரர்கள் ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் பலகையைப் பின்பலகையில் நிரந்தரமாகப் பொருத்திவிடுவது, பிறகு கட்டையை அந்தப் பலகையில் பூட்டுவது. கட்டையை எத்தனை முறை மேலே கீழே இடம் மாற்றினாலும் ஓட்டை விழுவது பலகையில்தான். பலகைக்கு நல்ல சாமான் எதுவென்றால் சமையலறையில் காய்கறி வெட்டுகிற வெள்ளைப் பலகை. பொலியெத்திலீன், தண்ணீர் குடிக்காது, உக்காது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. தொங்கிய இடத்தில் இருந்து அதை எடுத்தபோது சமையலறையில் யாரும் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதைப் பசையால் ஒட்டினால் ஓட்டையே வேண்டாம் என்று மச்சான் சொன்னான். படகுக்கென்றே விற்கிற விலையான பசையைப் பிதுக்கி, அமத்தி, இரவு முழுக்க இறுக்கி வைத்தோம். காலையில் பலகை நிலத்தில் கிடந்தது. பசை அப்படியே அலுமினியத்தில் இருந்தது. பொலியெத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாதாம். வெட்டியது எதுவும் ஒட்டாமல் கழுவப்பட வேண்டும் என்றுதானே அதில் பலகை செய்கிறார்கள்! இதை நாங்கள் கிட்டத்தட்ட ஒரு குழாய்ப் பசை செலவழித்து நிறுவினோம்.

ஆகவே பலகையைப் போல்ட் போட்டு முறுக்க வேண்டியதாயிற்று. மூலைக்கு ஒன்றாக நாலு ஓட்டை. இரண்டு ஓட்டைக்குப் பயந்து நாலு போட்டோம். மச்சான் இதைத் தொலைநோக்கு என்றான். ஓட்டைகளுக்குள் பசை நிரப்பி, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைச் சுற்றியும் பூசி, வழிந்ததைத் துடைத்து, ஒரு சொட்டுக்கூடப் புகாத மாதிரி அடைத்தோம். என் வாழ்நாளில் இவ்வளவு சிரத்தையாக நான் எதையும் செய்ததில்லை. கட்டையின் அடி, அலுமினியப் படகென்றால் படகின் அடிமட்டத்தைவிட 10 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து அளந்தேன்.

அன்று மாலை உள்ளே இருந்து குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, மீன் வெட்டுற பலகை எங்கை?"

"படகிலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மீனே வராத இடத்துக்கு மீன் வெட்டுற பலகை என்னத்துக்கு?"

கேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபதடி கேபிளை யார் தீர்மானித்தார்களோ, அவர்களுடைய படகு பெரிதாக இருந்திருக்கும். என் படகில் நான் உட்காருவது பின்பக்கம், மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. திரையும் என் பக்கத்தில். கட்டையில் இருந்து திரைக்கு மூன்றடி. மிச்சம் பதினேழு அடி. மச்சான் கையில் குறடு துடித்தது. "அத்தான், வயர் எண்டால் வெட்டுறதும் ஒட்டுறதும்தானே." நல்லவேளை, அந்த ஒரு வரியை நான் படித்திருந்தேன். உள்ளே ஓடுவது மெல்லிய எதிரொலி. அதைச் சுற்றி வெளிச் சமிக்ஞை புகாதபடி பின்னிய கவசம் இருக்கிறது. வெட்டி ஒட்டினால் கவசத்தின் காவல் அந்த இடத்தில் போய்விடும். குறடைப் பிடுங்கி வைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பதினேழு அடியைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே வைத்தால் கால் இடறியது. பக்கவாட்டில் கட்டினால் தூண்டில் கொளுவியது. கடைசியில் மச்சான் அதை மோட்டாருக்குப் போகிற பற்றரி வயரோடு சேர்த்து, நாலு விரலுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டுப் போட்டு, பார்க்கவே அழகாக வரிந்து கட்டிவிட்டான். நானும் மகிழ்ந்து போனேன். அழகாக முடிந்த வேலை எதுவும் எங்கள் கையால் ஆனதில்லை என்பதால் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்குப் போனோம். ஸ்காபரோவில் இருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். படகு இறக்குகிற சரிவில் எப்போதும் நாலைந்து பேர் கோப்பியோடு நிற்பார்கள். வேறு வேலையாக வந்தவர்களாகத்தான் தெரியும், ஆனால் நாம் இறக்குவதைத்தான் பார்ப்பார்கள். இறக்கினோம். மிதந்தது. மாமனாரைக் கைபிடித்து ஏற்றினோம். சற்றுத் தூரம் போனதும், "தம்பி, கால் நனையுது" என்றார். குனிந்து பார்த்தால் உண்மைதான், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "நான் அப்பவே சொன்னனான், ஓட்டை போடாதேங்கோ எண்டு" என்று தொடங்கினார். நான் நாலு போல்ட்டையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. அலுமினியப் படகின் பின்பலகையில், நின்ற தண்ணீரை வடிப்பதற்கென்று, தொழிற்சாலையிலேயே ஓர் ஓட்டை போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதன் மூடி என் காற்சட்டைப் பையில் இருந்தது. கரைக்குத் திரும்பினோம். கோப்பிக்காரர்கள் எங்களுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

இரண்டாம் முறை மூடியோடு புறப்பட்டோம். திரையில் ஆழம் வந்தது, தண்ணீரின் வெப்பம் வந்தது. மோட்டாரை முடுக்கினேன். ஐயோ, மீன்! மேலிருந்து கீழ்வரை திரை நிறைந்த மீன், தண்ணீர் தெரியாத அளவுக்கு மீன். மகள் கத்தினாள். மாமனார் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் மோட்டாரை நிறுத்தித் தூண்டிலை எடுத்தேன். ஒரு மீன் இல்லை. மோட்டாரைப் போட்டேன். மீன். நிறுத்தினேன். இல்லை. மீனெல்லாம் மோட்டாருக்குள் இருந்தன. அழகாக வரிந்து கட்டிய அந்த வயரில் இருந்து கேபிளுக்குள் ஏறிய மின் இரைச்சல்தான் அவ்வளவும். கேபிளுக்குத் தனி வழி. அது வேண்டும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. மச்சான் கட்டிய கட்டுகளை எல்லாம் ஏரி நடுவில் ஆடி ஆடி மச்சானே அறுத்தான்.

அதற்குப் பிறகு மெஷின் வேலை செய்தது. பிழையே சொல்ல முடியாதபடி வேலை செய்தது.

அதுதான் என் முடிவின் தொடக்கம். முப்பதடி ஆழத்தில் நின்றோம். கட்டையின் பார்வை கூம்பாக விரிந்து, அந்த ஆழத்தில் தரையில் ஏறக்குறைய பத்தடி வட்டத்தைப் பிடிக்கும். ஒரு வளைவு வந்தது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் கூட, நடுவில் குறைய, வெளியேறும்போது மறுபடி கூட என்று வருவதால் திரையில் அது வில்லாக விழுகிறது. இன்னொரு வில். பிறகு கூட்டமாக. எல்லாரும் பார்த்தார்கள். நான் தூண்டிலை நேர் கீழே இறக்கினேன். கொடுமை என்னவென்றால் தூண்டிலும் திரையில் தெரிகிறது. என் இரை ஒரு மெல்லிய சரிவுக் கோடாக இறங்குவதை மூன்று தலைமுறை குந்தியிருந்து பார்த்தது. ஒரு மீன் தரையில் இருந்து எழும்பி அதை நோக்கி வந்தது. கிட்ட வந்தது. நின்றது. திரும்பிப் போனது.

"வந்து பாத்திட்டுப் போகுது" என்றார் மாமனார்.

முன்பும் இதே அவமானம் முப்பதடி இருட்டில் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். எனக்கும் மீனுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது கலரில் நடக்கிறது. "அப்பா, இன்னொண்டு வருது! அப்பா, அதுவும் போகுது!" என்று மகன் நேர்முக வர்ணனை செய்தான். மகள் திரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினாள். லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் உடனே பதில் வந்தது: மீன் இவ்வளவு நிக்குதே, எத்தினை பிடிச்சவர்?

கிழக்குக் காற்று செல்லாது. பௌர்ணமி செல்லாது. ஏரியில் மீன் இல்லை என்று இனி இந்த வாயால் சொல்ல முடியாது, ஆழத்தோடும் நேரத்தோடும் சாட்சிப் படம் இருக்கிறது. வரும் வழியில் தமிழ்க்கடையில் நிறுத்தி ஒரு பாரை வாங்கினேன். வீட்டில் அதை வெட்டுவதற்குப் பலகை இல்லை. மனிசி பழைய பேப்பரை விரித்து வைத்து வெட்டினாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

உங்களில் யாராவது படகு வைத்திருந்தால் இதை மட்டும் கேளுங்கள். முன்னோக்கி நின்று வலப்புறம், சுழலியில் இருந்து பதினைந்து அங்குலம், மோட்டார் வயர் கிட்டவும் வரக்கூடாது, கேபிளை வெட்டவே வெட்டாதீர்கள். மூடியைப் போடுங்கள். எங்கள் மெஷின் வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், நல்ல விலைக்குத் தருகிறேன். ஒரு குறையும் இல்லை, விற்பதற்குக் காரணமே அதுதான். கேபிளில் பதினேழு அடி இன்னும் சுருட்டியபடி புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரேயொரு நிபந்தனை, பலகையைக் கழற்றினால் நாலு ஓட்டை மிஞ்சும் என்பதால் படகோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். வரும்போது காய்கறி வெட்டுகிற பலகை ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். வெள்ளை, நடுத்தர அளவு.